பால் சேராத குழந்தை

1. பால் இல்லாத நாள் உண்டா?

திருவனந்தபுரம் நகரில் கரமனை என்று ஓர் இடம். அங்கே கரமனையாறு ஓடுகிறது. ஆற்றை ஒட்டிப் பழைய அக்கிரகாரத் தெருக்கள் உள்ளன. தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கே வாழ்கின்றன. தெருவில் மலையாளம் கேட்கும். வீட்டுக்குள் தமிழ் கேட்கும்.

விடிந்ததும் வாசலுக்குப் பால் பாக்கெட் வரும். முதலில் காப்பி. மதியம் சாதத்தில் ஒரு சொட்டு நெய். முடிவில் மோர். விசேஷ நாள் என்றால் பாயசம். கோயிலுக்குப் போனாலும் பாலும் நெய்யும் சேர்ந்த பிரசாதம்.

கேரளத்தின் பால் கூட்டுறவு அமைப்பு மில்மா. அது 1980ஆம் ஆண்டு தொடங்கியது. இன்று தெருவுக்குத் தெரு பால் கிடைக்கிறது. பால் நல்ல உணவு. 100 கிராம் பசும்பாலில் சுமார் 3 கிராம் புரதம் இருக்கிறது. எலும்புக்கு வேண்டிய கால்சியம் சுமார் 120 மில்லிகிராம் இருக்கிறது.

ஆனால் சில குழந்தைகளுக்கு இந்தப் பால் சேராது. கொஞ்சம் பால் உள்ளே போனாலும் உடம்பு தடித்துவிடும். சிலருக்கு மூச்சுத் திணறும். உயிருக்கே ஆபத்து வரலாம்.

இதற்குப் பால் ஒவ்வாமை என்று பெயர். பால் அலர்ஜி என்றும் சொல்வார்கள்.

பால் இல்லாத நாளே இல்லாத வீட்டில், பால் சேராத குழந்தையை எப்படி வளர்ப்பது? அதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

2. பால் ஒவ்வாமை என்றால் என்ன?

ஒரு தெருவில் ஒரு காவல்காரர் இருக்கிறார். திருடன் வந்தால் விசில் ஊதுவார். தடியை எடுப்பார். அது அவர் வேலை.

ஒருநாள் தபால்காரர் வருகிறார். காவல்காரர் ஆள் தெரியாமல் அவரைத் திருடன் என்று நினைத்துவிடுகிறார். விசில் ஊதுகிறார். தடியைச் சுழற்றுகிறார். தெருவே கலங்கிப் போகிறது. தபால்காரர் மீது ஒரு குற்றமும் இல்லை. காவல்காரர் தவறாக நினைத்துக்கொண்டார். அதனால்தான் இவ்வளவு கலவரம்.

நம் உடம்பிலும் காவல் உண்டு. அதற்கு நோய் எதிர்ப்புச் சக்தி என்று பெயர். கிருமி வந்தால் அது எதிர்த்துப் போராடும். சிலர் உடம்பில் அந்தக் காவல், பாலில் உள்ள புரதத்தைப் பகைவன் என்று நினைத்துக்கொள்கிறது. அதை எதிர்த்துப் போராடுகிறது. அந்தப் போராட்டத்தில் நம் உடம்பே பாதிக்கப்படுகிறது.

பாலில் முக்கியமாக இரண்டு வகைப் புரதம் உண்டு. ஒன்று கேசின். மற்றொன்று வே. பால் திரிந்தால் கட்டியாகத் திரள்வது கேசின். தெளிந்து நிற்கும் நீரில் இருப்பது வே. சிலருக்கு ஒன்று சேராது. சிலருக்கு இரண்டும் சேராது.

அலர்ஜி என்ற சொல்லை உருவாக்கியவர் கிளெமென்ஸ் வான் பிர்கே. அவர் ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரில் இருந்த குழந்தை மருத்துவர். 1906ஆம் ஆண்டு இந்தச் சொல்லைத் தந்தார். இது யாருடைய பாவமும் அல்ல. கண்ணேறும் அல்ல. தொற்று நோயும் அல்ல.

3. எப்படித் தெரிந்துகொள்வது?

பால் ஒவ்வாமை பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்தில் தெரியவரும். முதன்முதலாகப் பசும்பாலோ பால்பொடியோ பாயசமோ கொடுக்கும்போது தெரியலாம்.

சில குழந்தைகளுக்கு உடனே தெரியும். சில நிமிடங்களில் தொடங்கும். பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்.

அதன் அடையாளங்கள் இவை:

வாயைச் சுற்றிச் சிவந்து போகும்.
உடம்பில் காணாக்கடி போலத் தடிப்புகள் எழும். அரிக்கும்.
உதடு, கண் இமை வீங்கும்.
வாந்தி வரும். வயிறு வலிக்கும்.
இருமல் வரும். இளைப்பு வரும். குரல் கம்மும்.

வேறு சில குழந்தைகளுக்கு மெதுவாகத் தெரியும். பல மணி நேரம் ஆகலாம். ஓரிரு நாளும் ஆகலாம். மலத்தில் ரத்தமோ சளியோ வரும். வயிற்றுப்போக்கு விடாது. திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும். குழந்தையின் எடை ஏறாது.

இந்த அடையாளங்கள் வேறு நோயிலும் வரலாம். ஆகையால் நாமே முடிவு செய்யக் கூடாது. ஒருநாள் தடிப்பு வந்தது என்று பாலை அடியோடு நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் வளரும் குழந்தைக்குச் சத்துக் குறையும். "இன்னொரு முறை கொடுத்துப் பார்ப்போம்" என்று வீட்டில் சோதனை செய்யவும் கூடாது. அது ஆபத்து.

டாக்டரிடம் போக வேண்டும். என்ன கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம், எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது என்று எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும். டாக்டருக்கு அந்தக் குறிப்பு மிகவும் உதவும். தேவை என்றால் தோலில் சிறு சோதனை செய்வார்கள். ரத்தமும் பார்ப்பார்கள்.

கரமனைக்கு அருகே தைக்காட்டில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை உள்ளது. மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் எஸ்.ஏ.டி. மருத்துவமனை இருக்கிறது. அது 1952ஆம் ஆண்டு தொடங்கியது. ஸ்ரீ அவிட்டம் திருநாள் என்பதன் சுருக்கமே எஸ்.ஏ.டி.

4. இது வேறு, அது வேறு

"எனக்கும் பால் சேராது. குடித்தால் வயிறு உப்பும்" என்று பெரியவர்கள் பலர் சொல்வார்கள். அது பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. அது செரியாமை.

பாலில் ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது. அதற்கு லாக்டோஸ் என்று பெயர். அதைச் செரிக்க வைக்கும் நீர் நம் குடலில் சுரக்கிறது. வயது ஏற ஏறப் பலருக்கு இந்த நீர் குறைந்துவிடும். அப்போது பால் குடித்தால் வயிறு உப்பும். வாயு பிரியும். வயிற்றுப்போக்கு ஆகும். இது தொல்லைதான். ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லை. இவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும்.

ஒவ்வாமை அப்படி அல்ல. அது பால் புரதத்தால் வருவது. தயிரிலும் மோரிலும் அந்தப் புரதம் இருக்கிறது. ஆகவே தயிரும் ஆகாது. மோரும் ஆகாது.

கடையில் லாக்டோஸ் நீக்கிய பால் விற்கிறார்கள். அது செரியாமை உள்ளவர்களுக்கு உதவும். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. அதில் சர்க்கரைதான் மாறியிருக்கிறது. புரதம் அப்படியே இருக்கிறது.

5. பாட்டியின் கேள்விகள்

ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்வோம். அங்கே தாய், தந்தை, பாட்டி, ஒன்றரை வயதுக் குழந்தை. குழந்தைக்குப் பால் ஒவ்வாமை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாட்டிக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்த செவிலியரிடம் கேட்கிறார்.

"ஏன் சிஸ்டர், நாங்க எல்லாரும் பால் குடிச்சுத்தானே வளர்ந்தோம்? இவனுக்கு மட்டும் எப்படி ஆகாம போகும்?"

"ஒருத்தர் உடம்பு மாதிரி இன்னொருத்தர் உடம்பு இருக்காது பாட்டி. உங்களுக்குப் பால் அமுதம். இவனுக்கு இப்போதைக்கு ஆகாது."

"நல்லாக் காய்ச்சிக் கொடுத்தா?"

"காய்ச்சினா கிருமி சாகும். கேசின் புரதம் சூட்டுக்கு அழியாது. காய்ச்சின பாலும் ஆகாது பாட்டி."

"பசும்பால் வேண்டாம். ஆட்டுப்பால்? எருமைப்பால்?"

"அதிலும் கிட்டத்தட்ட இதே மாதிரிப் புரதம்தான் இருக்கு. பசும்பால் ஆகாத பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. கொடுத்துப் பார்க்கவே கூடாது."

"நெய்யில பால் எங்கே இருக்கு?"

"நெய்யில கொழுப்புத்தான் அதிகம். ஆனா கொஞ்சம் புரதம் ஒட்டிக்கிட்டு இருக்கும். டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் நெய்யும் வேண்டாம்."

"கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்தாப் பழகிடாதா?"

தாய் பதறிப் போய்ச் சொல்கிறாள்: "வேண்டாம் அம்மா. போன தடவை ஒரு கரண்டி பாயசம்தான் கொடுத்தோம். உதடு எப்படி வீங்கினது, பார்த்தீங்களே!"

செவிலியர் சொல்கிறார்: "அப்படிப் பழக்குற சிகிச்சை உண்டு. அதை டாக்டர் பார்த்துத்தான் செய்யணும். வீட்டிலே செஞ்சா உயிருக்கு ஆபத்து."

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்கிறார்:

"வாழ்நாள் பூரா இப்படியே இருக்குமா சிஸ்டர்?"

"பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரச் சரியாயிடும் பாட்டி. சிலருக்குப் பள்ளிக்கூடம் போற வயசுக்குள்ளே சரியாகும். சிலருக்கு இன்னும் நாளாகும். சிலருக்கு மட்டும் நிலைச்சு நிக்கும். டாக்டர் சொல்ற நாளில் கூட்டிப் போய்க் காட்டுங்க. எப்போ மறுபடி பால் கொடுக்கலாம்னு அவர்தான் சொல்வார்."

பாட்டி குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார். "சரி, இனிமே எனக்கும் இவனுக்கும் வேற வேற கரண்டி" என்கிறார்.

பாட்டி சொன்னது சரியான வழி. பால் கலக்கிய கரண்டியைக் கழுவாமல் குழந்தையின் கஞ்சியில் போடக் கூடாது. குழந்தைக்குத் தனிக் கரண்டி, தனிக் கிண்ணம், தனிப் பாத்திரம் வைத்துக்கொள்வது நல்லது. குழந்தையின் உணவை முதலில் சமைத்து மூடி வைத்துவிடலாம். பால் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

6. பாலுக்குப் பதில் என்ன?

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் தாய்ப்பாலே சிறந்தது. அதை நிறுத்தக் கூடாது.

தாய் குடிக்கும் பாலின் புரதம் சிறிதளவு தாய்ப்பாலில் வரும். சில குழந்தைகளுக்கு அதுவும் ஆகாது. அப்போது தாயைப் பால் பொருள்களை விட்டுவிடும்படி டாக்டர் சொல்வார். தாய்க்கும் கால்சியம் வேண்டும். அதற்கு மாத்திரை தருவார்.

தாய்ப்பால் போதவில்லை என்றால் டாக்டரைக் கேட்க வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கென்றே தயாரித்த பால்பொடி உண்டு. விலை அதிகம். டாக்டர் சொன்னதை மட்டுமே வாங்க வேண்டும். சாதாரணப் பால்பொடி பசும்பாலில் செய்தது. அது ஆகாது.

தேங்காய்ப் பால் பெயரில்தான் பால். அது மாட்டுப்பால் அல்ல. சமையலில் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக அதைக் கொடுக்கக் கூடாது. பாலில் உள்ள அளவு புரதமும் கால்சியமும் அதில் இல்லை. சோயாப் பாலும் சில குழந்தைகளுக்கு ஆகாது. டாக்டரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

ஆறு மாதம் முடிந்ததும் மற்ற உணவைத் தொடங்கலாம். நம் ஊரில் கிடைக்கும் நல்ல உணவுகள் இவை:

கேழ்வரகுக் கூழ். மலையாளத்தில் கூவரகு, முத்தாறி என்பார்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு.
ஏத்தங்காய்ப் பொடியில் காய்ச்சிய குறுக்கு. பால் விடாமல் தண்ணீரில் காய்ச்ச வேண்டும்.
குழைந்த சாதமும் பருப்பும். நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய்.
முருங்கைக் கீரை, எள், பயறு.
சாப்பிடும் வீடுகளில் முட்டை, முள்ளோடு மென்று தின்னும் சிறு மீன்.

புதிய உணவை ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். முதலில் கொஞ்சம் கொடுத்துப் பார்க்க வேண்டும். மாதம்தோறும் குழந்தையின் எடையைப் பார்க்க வேண்டும். எடை ஏறாவிட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

7. வாசி: எழுத்து காட்டும் வழி

வீட்டுச் சமையல் நம் கையில் இருக்கிறது. கடைப் பண்டம் அப்படி அல்ல. அதில் பால் ஒளிந்திருக்கும். பிஸ்கட், ரொட்டி, கேக், சாக்லேட் எல்லாவற்றிலும் இருக்கலாம். மசாலா தூவிய சிப்ஸிலும் பால்பொடி இருக்கலாம். கடையில் விற்கும் தேங்காய்ப் பால் பொடி சிலவற்றில்கூடக் கேசின் சேர்க்கிறார்கள்!

கண்ணால் பார்த்தால் தெரியாது. முகர்ந்தாலும் தெரியாது. பாக்கெட்டில் உள்ள எழுத்தை வாசித்தால்தான் தெரியும். எழுத்துத் தெரிந்த தாய் கடையிலேயே ஆபத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தியாவில் இதற்குச் சட்டம் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006ஆம் ஆண்டு வந்தது. பாக்கெட்டில் என்ன எழுத வேண்டும் என்ற விதிகள் 2020ஆம் ஆண்டு வந்தன. பாலும் பால் பொருளும் சேர்ந்திருந்தால் அதைப் பாக்கெட்டில் தனியாகச் சொல்ல வேண்டும் என்பது விதி.

பாக்கெட்டின் பின்புறத்தைப் பாருங்கள். சேர்த்த பொருள்களின் பட்டியல் இருக்கும். பட்டியலுக்குக் கீழே "கண்டெயின்ஸ்" என்று ஆங்கிலத்தில் இருக்கும். "இதில் உள்ளது" என்று பொருள். அதன் பக்கத்தில் "மில்க்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். எம், ஐ, எல், கே. இந்த நான்கு ஆங்கில எழுத்துகளையும் பழகிக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தெரியாதவர்களும் நான்கு எழுத்தை அடையாளம் கண்டுவிடலாம்.

பாலுக்கு வேறு பெயர்களும் உண்டு:

மில்க் சாலிட்ஸ் என்றால் பாலின் திடப்பொருள்.
வே பவுடர் என்றால் பால் தெளிந்த நீரின் பொடி.
கேசின், கேசினேட் என்றால் பால் புரதம்.
பட்டர் என்றால் வெண்ணெய். கீ என்றால் நெய்.
கர்ட் என்றால் தயிர். சீஸ் என்றால் பாலாடைக் கட்டி.

கேரளத்தில் மலையாளமும் தெரிந்திருந்தால் நல்லது. மலையாளத்திலும் பால் பால்தான். தயிருக்குத் தைரு. மோருக்கு மோரு. நெய்க்கு நெய்யு. வெண்ணெய்க்கு வெண்ண.

மூன்று விஷயங்களில் ஏமாறக் கூடாது.

ஒன்று: பச்சைப் புள்ளி. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம். பால் சேர்த்த பண்டத்துக்கும் பச்சைப் புள்ளிதான். பச்சைப் புள்ளி என்றால் பால் இல்லை என்று அர்த்தம் அல்ல.

இரண்டு: பழகிய பண்டம். போன மாதம் வாங்கிய அதே பிஸ்கட்டாக இருக்கலாம். செய்முறையை மாற்றியிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் வாசிக்க வேண்டும்.

மூன்று: உதிரிப் பண்டம். பேக்கரியிலும் மிட்டாய்க் கடையிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பண்டத்துக்குப் பாக்கெட் இல்லை. வாசிக்க வழி இல்லை. என்ன சேர்த்தது என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் குழந்தைக்கு வேண்டாம்.

8. கேள்: விருந்தும் விசேஷமும்

ஓணம் வரும். கல்யாணம் வரும். ஆற்றுகால் பொங்கலும் வரும். அன்று கரமனையில் வீட்டு வாசல்களிலும் தெருக்களிலும் பொங்கல் பானைகள் வரிசையாக இருக்கும். ஆசையோடு பிரசாதம் கொடுப்பார்கள்.

சத்தியைப் பார்ப்போம். புளிசேரி, காளன், பச்சடி, கிச்சடி, சம்பாரம். இவற்றில் தயிரோ மோரோ உண்டு. அவியலில் பல வீடுகளில் தயிர் சேர்ப்பார்கள். சில வீடுகளில் மாங்காய் சேர்ப்பார்கள். பருப்பில் நெய் ஊற்றுவார்கள்.

ஓலனில் தேங்காய்ப் பால்தான். தோரனிலும் இஞ்சிக்கறியிலும் பொதுவாகப் பால் சேராது.

பாயசத்தில் கவனம் வேண்டும். பாலடைப் பிரதமன் மாட்டுப்பாலில் செய்வது. அடைப் பிரதமனும் சக்கைப் பிரதமனும் தேங்காய்ப் பாலில் செய்வது. ஆனால் முந்திரியையும் தேங்காய்த் துண்டையும் நெய்யில் வறுத்துப் போடுவார்கள். வீட்டில் செய்யும்போது தேங்காய் எண்ணெயில் வறுத்தால் குழந்தையும் சாப்பிடலாம். ஓணத்தன்று அதுவும் எல்லோரோடும் இலை போட்டு உட்காரலாம்.

வெளியே சாப்பிடும்போது கேட்க வெட்கப்படக் கூடாது. "இதில் பால், தயிர், மோர், நெய் ஏதாவது உண்டா?" என்று சமைத்தவரிடமே கேளுங்கள். "பால் உண்டா?" என்று மட்டும் கேட்டால் சிலர் நெய்யைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

பிரசாதத்தை நெற்றியில் ஒற்றிக்கொண்டு பெரியவர்கள் சாப்பிடலாம். குழந்தைக்குப் பூவும் சந்தனமும் போதும். பஞ்சகவ்யத்தில் பாலும் தயிரும் நெய்யும் உண்டு. அதையும் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

9. சொல்: எல்லோருக்கும் தெரியட்டும்

குழந்தை எப்போதும் தாயின் மடியிலேயே இருக்காது. அங்கன்வாடிக்குப் போகும். பக்கத்து வீட்டில் விளையாடும். அன்போடு ஒருவர் மிட்டாய் கொடுப்பார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கு விஷயம் தெரியாது. ஆகவே நாம்தான் சொல்லி வைக்க வேண்டும்.

கேரள அங்கன்வாடிகளில் பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும் தரும் திட்டம் 2022ஆம் ஆண்டு தொடங்கியது. நல்ல திட்டம். பல பிள்ளைகளுக்கு அதனால் சத்துக் கிடைக்கிறது. ஆனால் பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அந்த டம்ளர் ஆபத்து. சேர்க்கும் அன்றே டீச்சரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. எழுதியும் கொடுக்க வேண்டும். சொன்னது மறக்கும். எழுதியது நிற்கும்.

எந்த மருத்துவரிடம் போனாலும் பால் ஒவ்வாமை உண்டு என்று முதலிலேயே சொல்ல வேண்டும். இழுத்துச் சுவாசிக்கும் பொடி மருந்து சிலவற்றில் பால் பொருள் கலந்திருக்கும்.

குழந்தைக்குப் பேச்சு வந்ததும் அதற்கும் சொல்லிக்கொடுங்கள். "அம்மாவைக் கேட்டுத்தான் சாப்பிடுவேன்" என்று சொல்லப் பழக்குங்கள்.

10. ஆபத்து வந்தால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் தவறி நடந்துவிடலாம். அப்போது இந்த அடையாளங்களைப் பாருங்கள்:

மூச்சுத் திணறல், இளைப்பு, விடாத இருமல்.
குரல் அடைப்பு, நாக்கு வீக்கம்.
தடிப்போடு சேர்ந்து வாந்தி.
குழந்தை துவண்டு போதல், வெளிறிப் போதல், மயக்கம்.

இதில் எது வந்தாலும் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. 108 எண்ணுக்குப் போன் செய்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள். "பால் அலர்ஜி, மூச்சு விட முடியவில்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அருகில் வண்டி இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. தொடையில் போடுவார்கள். சில குழந்தைகளுக்கு இந்த ஊசியை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி, போடும் விதத்தையும் டாக்டர் கற்றுத் தருவார். அப்படித் தந்திருந்தால் உடனே போட்டுவிட வேண்டும். அதன் காலாவதித் தேதியை மாதம் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும்.

அரிப்புக்குத் தரும் மருந்து தடிப்பைக் குறைக்கும். அடைத்த மூச்சைத் திறக்காது. அதைக் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது.

குழந்தையைப் படுக்க வையுங்கள். காலைச் சற்று உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். நடக்க விடாதீர்கள். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

ஊசி போட்டுச் சரியானாலும் டாக்டர் போகச் சொல்லும் வரை மருத்துவமனையில் இருங்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம்.

11. நினைவில் வைப்போம்

வாசி: வாங்கும் ஒவ்வொரு பாக்கெட்டையும் வாசி.
கேள்: வெளியே சாப்பிடும்போது சமைத்தவரைக் கேள்.
சொல்: குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் சொல்.

பேசுவோம்

1. பால் ஒவ்வாமைக்கும் பால் செரியாமைக்கும் என்ன வேறுபாடு?
2. பாட்டி எத்தனை கேள்வி கேட்டார்? உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேறு என்ன கேட்பார்கள்?
3. பச்சைப் புள்ளி உள்ள பிஸ்கட்டில் பால் இருக்குமா?
4. உங்கள் வீட்டு விருந்தில் பால் சேராத பதார்த்தங்கள் எவை?

செய்து பார்ப்போம்

வீட்டில் உள்ள மூன்று பாக்கெட்டுகளை எடுங்கள். பின்புறத்தை வாசியுங்கள். "மில்க்" என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று எழுதுங்கள்.

எழுதுவோம்

கீழே உள்ளது அங்கன்வாடி டீச்சருக்கு ஒரு தாய் எழுதும் கடிதம். இதைப் பார்த்து எழுதிப் பழகுங்கள். உங்கள் தெருவில் இப்படி ஒரு குழந்தை இருந்து, அதன் தாய்க்கு எழுதத் தெரியாவிட்டால் நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

மதிப்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். என் குழந்தைக்குப் பால் ஒவ்வாமை உண்டு. பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பன்னீர், பாயசம் கொடுக்க வேண்டாம். பிஸ்கட்டும் மிட்டாயும் என்னைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். தெரியாமல் சாப்பிட்டு உடம்பு தடித்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே 108 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பிறகு எனக்குச் சொல்லுங்கள். என் போன் எண் கீழே உள்ளது.

இப்படிக்கு,
குழந்தையின் தாய்